18446744073709551615 என்ற எண்ணின் உள்ளமைப்பு: சதுரங்கக் கதைக்கு அப்பால்

எண்பித்தன் எழுதியது:

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேரும் மொத்தம் 18446744073709551615 என்பது பலரும் அறிந்ததே. நம் முறையில் படித்தால் அது 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615 ஆகும். 1883-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரில் 64 தட்டுகளை இடம் மாற்றத் தேவையான நகர்த்தல்களும் இதே எண்ணிக்கைதான். நொடிக்கு ஒரு நகர்த்தல் என்றாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கதை சொல்லப்படும் இடங்களிலெல்லாம் எண்ணின் பருமனைக் கண்டு வியப்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பருமனைவிட அதன் காரணிகளே பெரிய செய்தி என்று நான் கருதுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒவ்வொரு கட்டமாகக் கூட்டத் தேவையில்லை. மொத்தம் 2⁶⁴−1 என்பதால், 2-ஐ வர்க்கப்படுத்தி 4, அதை வர்க்கப்படுத்தி 16, பிறகு 256, 65536, 4294967296 என்று போய், ஆறாவது வர்க்கத்தில் 2⁶⁴-ஐ அடைந்து ஒன்றைக் கழித்தால் போதும். ஏறத்தாழ ஆயிரமாம் ஆண்டில் எழுதிய தம் காலக்கணிப்பு நூலில் அல்-பிரூனி இந்தக் கணக்கை இவ்வாறு வர்க்கங்களின் வழியாகவே அணுகினார். அதே வர்க்கப் பாதையில் திரும்பி நடந்தால் காரணிகள் தாமாகக் கிடைக்கின்றன. இரு வர்க்கங்களின் வேறுபாட்டுக்கான முற்றொருமையை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால்,

2⁶⁴−1 = (2³²+1)(2¹⁶+1)(2⁸+1)(2⁴+1)(2²+1)(2+1)

அதாவது 4294967297 × 65537 × 257 × 17 × 5 × 3. இந்த ஆறும், 2-ஐ மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்திச் செல்கையில் வரும் எண்களோடு ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் ஃபெர்மா எண்களுள் முதல் ஆறு. சிறிய ஐந்தும் பகா எண்கள். பெரியது மட்டும் 641 × 6700417 என்று உடைகிறது. ஆகவே நம் எண்,

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

என்று ஏழு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல். எந்தக் காரணியும் இருமுறை வரவில்லை; எனவே அதன் வகுத்திகள் மொத்தம் 2⁷ = 128.

3, 15, 255, 65535, 4294967295 என்று இதற்கு முன்னுள்ள எண்கள் ஐந்திலும் பழுதின்றித் தொடர்ந்த ஓர் ஒழுங்கு, அதாவது காரணிகளாக வரும் ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகா எண்களாகவே அமைவது, முதன்முறையாக முறிவது இந்த எண்ணில்தான் என்பதே என் கருத்து. மற்றவர்களின் எண்ணங்களை அறிய விரும்புகிறேன்.

புதுமாணாக்கர் எழுதியது:

வணக்கம் ஐயா. பதினோராம் வகுப்பு படிக்கிறேன். முற்றொருமையால் காரணிப்படுத்துவது புரிந்தது. ஆனால் இவ்வளவு பெரிய எண் 17-ஆல் மீதியின்றி வகுபடுவதற்கும், எடுத்துக்காட்டாக 7-ஆலோ 11-ஆலோ 13-ஆலோ வகுபடாமல் இருப்பதற்கும் அடிப்படையில் என்ன காரணம்? மேலும், 641 என்ற காரணியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரும்பலகை எழுதியது:

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கான விடை மீதிகளின் சுழற்சியில் இருக்கிறது. 2-இன் அடுக்குகளை 17-ஆல் வகுத்தால் மீதிகள் 2, 4, 8, 16, 15, 13, 9, 1 என்று வந்து, எட்டாவது அடுக்கில் 1-ஐத் தொட்டுப் பிறகு மீண்டும் அதே வரிசையில் சுழல்கின்றன. சுழற்சியின் நீளம் 8. அது 64-ஐ மீதியின்றி வகுக்கிறது. ஆகவே 2⁶⁴-ஐ 17-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 17-இன் மடங்கு. 7-க்குச் சுழற்சியின் நீளம் 3, 11-க்கு 10, 13-க்கு 12. இவற்றில் எதுவும் 64-ஐ வகுக்காது. எனவே நம் எண்ணின் பகாக் காரணிகள் எவை என்ற கேள்வியும், எந்தப் பகா எண்களுக்கு 2-இன் சுழற்சி நீளம் 2, 4, 8, 16, 32, 64 ஆகியவற்றுள் ஒன்றாக அமைகிறது என்ற கேள்வியும் ஒன்றே. நீளம் 2 உள்ளது 3 மட்டும். 4 உள்ளது 5 மட்டும். 8-க்கு 17, 16-க்கு 257, 32-க்கு 65537. நீளம் 64 என்று வரும்போது 641, 6700417 என்று இரண்டு பகா எண்கள் அந்த இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எண்பித்தன் குறிப்பிட்ட முறிவை இப்படியும் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்த வடிவிலுள்ள எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று ஃபெர்மா 1640-இல் எழுதிய கடிதத்தில் தம் நம்பிக்கையைத் தெரிவித்திருந்தார். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் அதை ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆய்லர் 1732-இல் 641-ஐக் காட்டினார். அவர் கண்மூடித்தனமாக ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. 2³²+1-ஐ ஒரு பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண்ணைப் பொறுத்து 2³²-இன் மீதி −1, ஆகவே 2⁶⁴-இன் மீதி 1, சுழற்சி நீளம் சரியாக 64. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி சுழற்சி நீளம், பகா எண்ணிலிருந்து ஒன்று குறைந்த எண்ணை வகுத்தாக வேண்டும். எனவே காரணி 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை.

வகுத்துப் பார்க்காமலும் இதை நிறுவலாம். வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி ஏற்படுகிறது. 641 என்பது 5 × 2⁷ + 1. அதே 641, 5⁴ + 2⁴-உம் ஆகும். முதலாவதன்படி, 641-ஐப் பொறுத்து 5 × 2⁷-இன் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம். அப்போது −2³²-இன் மீதி 1, அதாவது 2³²+1 என்பது 641-இன் மடங்கு. அவ்வளவுதான்.

பகாத்தேடி எழுதியது:

கரும்பலகை ஐயாவின் விளக்கத்தோடு, மற்றொரு காரணியான 6700417 உண்மையில் பகா எண்தானா என்பதையும் கையாலேயே சரிபார்த்துவிடலாம் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

காரணிகள் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்று ஐயா சொன்னார். பின்னாளில் லூக்கா இந்த நிபந்தனையை இன்னும் இறுக்கினார். அத்தகைய பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், அதைப் பொறுத்து 2 என்பது ஏதோ ஒரு வர்க்கத்தின் மீதியாக அமைகிறது. அதனால் சுழற்சி நீளமான 64, பகா எண்ணிலிருந்து ஒன்று குறைந்த எண்ணின் பாதியையே வகுத்துவிடுகிறது. ஆகவே காரணி 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். 6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. அந்த எல்லைக்குள் இவ்வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்து மட்டுமே. இவற்றுள் 257 தானே ஒரு ஃபெர்மா எண். எந்த இரண்டு ஃபெர்மா எண்களும் சார்பகா எண்கள் (1-ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லாதவை) என்பதால் அதை விட்டுவிடலாம். எஞ்சிய நான்கால் வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூச்சியம் இல்லை, எனவே 6700417 பகா எண். எழுபது இலட்சத்துக்கு அருகிலுள்ள ஓர் எண்ணை நான்கே வகுத்தல்களில் பகா எண் என்று உறுதிசெய்வது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருப்பதால் மட்டுமே இயல்கிறது.

ஃபெர்மா எண்கள் ஒன்றுக்கொன்று சார்பகா என்பதற்கும் நம் எண்ணே சான்று. 2⁶⁴+1 என்ற அடுத்த ஃபெர்மா எண், நம் எண்ணைவிட 2 அதிகம். நம் எண்ணோ முந்தைய ஆறு ஃபெர்மா எண்களின் பெருக்கல். எனவே அவற்றுள் ஒன்றுக்கும் 2⁶⁴+1-க்கும் பொதுக்காரணி இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். எல்லாம் ஒற்றை எண்கள் என்பதால் அது இயலாது. இதைக்கொண்டே பகா எண்கள் முடிவில்லாதவை என்று கோல்ட்பாக் ஆய்லருக்குக் காட்டினார்.

புதுமாணாக்கர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. சிறிய தேற்றமே ஃபெர்மாவுடையது அல்லவா? 2-ஐ வைத்து 4294967297-ஐ அவரே அந்தத் தேற்றத்தால் சோதித்திருந்தால் பகு எண் என்று தெரிந்திருக்காதா?

கரும்பலகை எழுதியது:

நல்ல கேள்வி. தெரிந்திருக்காது. 4294967297-ஐப் பொறுத்து 2-இன் சுழற்சி நீளம் 64. சோதனையில் 2-ஐ உயர்த்த வேண்டிய அடுக்கு 4294967296, அது 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1 என்றே வரும். அந்த எண் பகா எண்ணைப் போலவே நடந்துகொள்ளும். எல்லா ஃபெர்மா எண்களும் 2-ஐக் கொண்டு செய்யும் இச்சோதனையில் தேறிவிடும் என்பதால், அடிமானமாக 2-ஐ எடுத்தால் எதுவும் வெளிப்படாது. இன்று 3-ஐ அடிமானமாகக் கொண்டு செய்யப்படும் பெப்பான் சோதனை 1877-இல்தான் வந்தது. பகு எண் என்பதை அது காரணி எதையும் காட்டாமலேயே சொல்லிவிடுகிறது.

வட்டமும்கோலும் எழுதியது:

எண்பித்தன் சொன்ன முறிவு வடிவியலில் எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்கிறேன். காம்பஸையும் அளவு குறிக்கப்படாத கோலையும் மட்டும் கொண்டு ஒழுங்குப் பலகோணங்களை வரையும் பழைய சிக்கலில், 1796-இல் காஸ் பதினேழு பக்கப் பலகோணத்தை வரையலாம் என்று கண்டார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணம் வரையத்தக்கதாக இருக்க, பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தாக வேண்டும். இந்நிபந்தனை தவிர்க்க இயலாதது என்பதை 1837-இல் வான்ட்சல் நிறுவினார். இன்றுவரை நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தே. ஐந்தையும் பெருக்கினால் 4294967295. வரையத்தக்கதென அறியப்பட்ட ஒற்றைப்படைப் பலகோணங்களுள் பக்கங்கள் மிகுதியானது அதுவே. 18446744073709551615 பக்கப் பலகோணத்தை வரைய இயலாது. அதற்குத் தடை 641. ஒன்று குறைந்தால் 640. அதில் 5 என்ற ஒற்றைக் காரணி இருப்பதால் வர்க்கமூலங்களை மட்டும் அடுக்கி அதை எட்ட முடியாது.

இதையே ஆய்லரின் சார்பகா எண்ணிக்கை வழியாகச் சொன்னால் இன்னும் துல்லியமாகும். ஓர் எண்ணுக்கு உட்பட்டு அதனோடு பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பதே அந்த எண்ணிக்கை. 3-க்கும் 4-க்கும் அது 2. 15-க்கும் 16-க்கும் 8. 255-க்கும் 256-க்கும் 128. இப்படி 4294967295-க்கும் 4294967296-க்கும் ஒரே மதிப்பாக 2³¹ வருகிறது. அடுத்து நம் எண்ணுக்கு வந்தால், 2⁶⁴-க்கு உரியது 2⁶³; 2⁶⁴−1-க்கு உரியதோ 2³¹ × 640 × 6700416, அதாவது 2³¹ × 4288266240. சமமாக இருந்திருந்தால் கடைசிப் பெருக்கல்காரணி 4294967296 ஆக வந்திருக்கும். குறைவது 67,01,056. இது 641, 6700417 ஆகியவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து இரண்டு குறைந்தது. இரு பகாக் காரணிகளாக உடைந்ததன் விலை அந்த வேறுபாட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

ஒற்றைப்படை எழுதியது:

அனைவரின் விளக்கங்களும் சிறப்பாக உள்ளன. ஆனால் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இங்கு பேசப்பட்ட முறிவு முழுவதும் 4294967297 என்ற எண்ணின் பண்பு. 2⁶⁴−1 அதை ஒரு காரணியாகக் கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அப்படியிருக்க, அந்தப் பெருமையைப் பெரிய எண்ணுக்கு ஏற்றிச் சொல்வது பொருத்தமா? இலக்கங்களின் கூட்டுத்தொகை 87 என்பதைப் போன்ற, முழு எண்ணுக்கே உரிய பண்புகளை அல்லவா நாம் தேட வேண்டும்?

எண்பித்தன் எழுதியது:

இலக்கங்களின் கூட்டுத்தொகை நாம் பத்தை அடிமானமாகக் கொண்டு எழுதுவதைப் பொறுத்தது. 87 என்பதிலிருந்து எண் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது என்று அறியலாம். அதற்கு மேல் அதில் பொருள் இல்லை. நம் எண்ணின் இயல்பான வடிவம் இருமத்தில் உள்ளது. அங்கே அது 64 ஒன்றுகளின் வரிசை. 64 பிட்டுகளில் குறியில்லாமல் எழுதத்தக்க மிகப் பெரிய முழு எண்ணும் அதுவே.

முழு எண்ணுக்கே உரிய பண்பைக் கேட்டீர்கள். அதன் 128 வகுத்திகளைப் பாருங்கள். பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றை எண்கள் உள்ள இடங்களில் 1, இரட்டை எண்கள் உள்ள இடங்களில் 0 என்று எழுதி, ஒவ்வொரு வரியையும் ஓர் இரும எண்ணாகப் படியுங்கள். முதல் வரி 1, அடுத்தது 11 அதாவது மூன்று, அதற்கடுத்தது 101 அதாவது ஐந்து, பிறகு 1111 அதாவது பதினைந்து, 17, 51, 85, 255, 257 என்று போகும். ஒவ்வொரு வரியும் வெவ்வேறு ஃபெர்மா எண்களின் பெருக்கலாகவே அமையும். முதல் 32 வரிகள் 4294967295-இன் 32 வகுத்திகளையும் ஒன்றுவிடாமல் தந்துவிடுகின்றன. 1-ஐ நீக்கினால், வட்டமும்கோலும் குறிப்பிட்ட வரையத்தக்க ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31-உம் இவையே. 33-ஆவது வரி 4294967297. 64-ஆவது வரி முழுவதும் ஒன்றுகள், அதாவது நம் எண். இடைப்பட்ட வரிகள் அனைத்தும் நம் எண்ணின் வகுத்திகள்.

ஆனால் வரிகள் 64, வகுத்திகளோ 128. எஞ்சிய 64 வகுத்திகள் எவை? 641, 6700417 ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்று மற்றதை விட்டவை அவை. அவற்றுள் ஒன்றுகூட முக்கோணத்தில் எங்கும் வரியாக வராது. இதற்கு முன்னுள்ள ஐந்து எண்களிலும் வகுத்திகளும் வரிகளும் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்தின. அந்தப் பொருத்தம் சரிபாதியாகக் குறைவதைக் காண 4294967297-ஐ மட்டும் பார்த்தால் போதாது; மற்ற ஐந்து காரணிகளோடும் அது சேர்ந்து நிற்கும் 2⁶⁴−1-ஐத்தான் பார்க்க வேண்டும். அதனாலேயே இந்த எண்ணை முன்வைத்தேன்.

ஒற்றைப்படை எழுதியது:

வகுத்திகளின் பாதி முக்கோணத்துக்கு வெளியே விழுகிறது என்ற செய்தி முழு எண்ணுக்குரியதே என்பதை ஏற்கிறேன். இலக்கக் கூட்டுத்தொகை பற்றிய உங்கள் கருத்தும் சரியே.

புதுமாணாக்கர் எழுதியது:

இன்னொரு கேள்வி ஐயா. இத்தனை மணிகளையும் தரையில் பரப்பி ஒரு சதுரமாக அடுக்க முடியாது என்பது காரணிகளிலிருந்தே தெரிகிறது. பல சதுரங்களாகப் பிரித்தால் குறைந்தது எத்தனை வேண்டும்? 1, 3, 6, 10 என்ற வரிசையில் வரும் முக்கோணமாக அடுக்க முடியுமா? 3, 15 ஆகிய இரண்டும் முக்கோண எண்களாக இருப்பதால் கேட்கிறேன்.

பகாத்தேடி எழுதியது:

சதுரங்களைப் பொறுத்தவரை விடை எளிது. ஒரு வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 என்பவற்றுள் ஒன்று. இவற்றில் மூன்றைக் கூட்டி எப்படியும் 7 என்ற மீதியைப் பெற முடியாது. நம் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 7. எனவே மூன்று சதுரங்கள் போதா. எந்த முழு எண்ணுக்கும் நான்கு போதும் என்று 1770-இல் லாக்ராஞ்சு நிறுவிவிட்டதால், சரியாக நான்கு சதுரங்கள் தேவை.

முக்கோணக் கேள்வி இன்னும் ஆழமானது. அது நம்மை ராமானுஜனிடம் கொண்டுசெல்கிறது. ஓர் எண் முக்கோண எண்ணாக இருந்தால், அதை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஒரு வர்க்கம் கிடைக்கும். 2⁶⁴−1-க்கு இதைச் செய்தால் 2⁶⁷−7 வருகிறது. எனவே 2-இன் எந்த அடுக்குகளிலிருந்து 7-ஐக் கழித்தால் வர்க்கம் வரும் என்பதே கேள்வி. 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளுக்கு 1, 9, 25, 121, 32761 என்ற வர்க்கங்கள் வருவதைக் குறிப்பிட்டு, வேறு விடைகள் உண்டா என்ற வினாவை ராமானுஜன் 1913-இல் இந்தியக் கணிதவியல் கழக இதழில் வெளியிட்டார். இவற்றைத் தவிர வேறு இல்லை என்று நார்வே நாட்டுக் கணிதர் நாகெல் 1948-இல் நிறுவினார். ஆகவே இரட்டித்துக் கூட்டும் வரிசையில் வரும் முக்கோண எண்கள் 0, 1, 3, 15, 4095 மட்டுமே. பலகையில் பன்னிரண்டாம் கட்டத்தோடு நிறுத்தினால் சேரும் 4095 மணிகளை முக்கோணமாக அடுக்கலாம். அதற்குப் பிறகு எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் இயலாது.

கரும்பலகை எழுதியது:

நாகெலின் தேற்றம் எல்லா அடுக்குகளுக்கும் பொதுவானது. அதன் நிறுவல் பள்ளி அளவைத் தாண்டியது. 64 கட்டங்களுக்கு மட்டும் என்றால், தம்பி, நீங்களே தாளில் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய வழி ஒன்று உண்டு.

121-ஆல் வகுத்தால் வரும் மீதிகளை மட்டும் பாருங்கள். 2¹¹ = 2048, அதன் மீதி −9. 2⁷-இன் மீதி 7. வர்க்கப்படுத்தினால் 2¹⁴-க்கு 49. மீண்டும் வர்க்கப்படுத்தினால் 2²⁸-க்கு 102, அதாவது −19. மீண்டும் வர்க்கப்படுத்தினால் 2⁵⁶-க்கு 361, அதாவது −2. ஆகவே 2⁶⁷-இன் மீதி −2-ஐ −9-ஆல் பெருக்கிய 18. அதிலிருந்து 7-ஐக் கழித்தால் 11. எனவே 2⁶⁷−7 என்பது 11-ஆல் வகுபடும், ஆனால் 121-ஆல் வகுபடாது. 11-ஆல் வகுபடும் வர்க்கம் 121-ஆலும் வகுபட்டே தீர வேண்டும் என்பதால் 2⁶⁷−7 வர்க்கமன்று. நம் எண் முக்கோண எண்ணும் அன்று.

புதுமாணாக்கர் எழுதியது:

செய்து பார்த்தேன் ஐயா, சரியாக வருகிறது. இதற்கு 11-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எப்படித் தெரிந்தது?

கரும்பலகை எழுதியது:

ராமானுஜன் தந்த விடைகளிலேயே அது இருக்கிறது. 2⁷−7 = 121 = 11². 11-ஐப் பொறுத்து 2-இன் சுழற்சி நீளம் 10 என்பதால் 7, 17, 27, 37 என்று பத்துப் பத்தாகக் கூடும் அடுக்குகள் எல்லாவற்றிலும் 7-ஐக் கழித்தால் 11-இன் மடங்கே வரும். நம்முடைய 67 அந்த வரிசையில் இருக்கிறது. 121-ஐப் பொறுத்தோ சுழற்சி நீளம் 110. ஆகவே 7-க்குப் பிறகு 117 வரும்வரை இடையிலுள்ள பத்து அடுக்குகளும் 11-ஆல் வகுபட்டு 121-ஆல் வகுபடாமல் நிற்கும். 17 முதல் 107 வரை அந்தப் பத்தையும் இந்த ஒரே வாதம் விலக்கிவிடுகிறது. 117-க்கு இது உதவாது. அங்கே வேறொரு பகா எண்ணைத் தேட வேண்டும். முயன்று பாருங்கள்.